அடைப்புக்குறி எங்கே இருக்கிறது?



மயிலாடும்பாறைக்கு வந்து கணிதத்தைப் பற்றிப் பேசுங்கள், தலைப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ராமானுஜனைப் பற்றிப் பேசியிருக்கலாம். பூஜ்யத்தைக் கண்டுபிடித்த பெருமையைப் பேசியிருக்கலாம். இரண்டுக்கும் கைதட்டல் நிச்சயம். ஆனால் நான் எடுத்துக்கொண்டது மிகச் சின்னத் தலைப்பு. ஆறாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பருவத்தில் இயற்கணிதம் அறிமுகமாகிறதே, அங்கே சில பக்கங்களில் முடிந்துவிடுகிற விஷயம். வாய்மொழிக் கூற்றை இயற்கணிதக் கூற்றாக மாற்றுவது. ‘ஓர் எண்ணைவிட ஐந்து குறைவு’ என்று ஒரு பக்கம் இருக்கும். அதற்கு நேரே கோவையை எழுத வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

அந்தச் சில பக்கங்களில் தடுமாறிய பிள்ளை பத்தாம் வகுப்பு வரை தடுமாறுகிறது என்பது என் கட்சி. அந்தப் பக்கங்கள் கணக்கு ஆசிரியருக்கு மட்டும் சொந்தமில்லை, சரிபாதி தமிழாசிரியருக்கும் சொந்தம் என்பதும் என் கட்சி. இந்த இரண்டையும் இன்று உங்கள் முன் வாதாடப் போகிறேன்.

கணக்கு ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நீங்கள் அதிகம் கேட்ட வாக்கியம் எது? ‘கணக்கு வரும் சார், கேள்விதான் புரியல.’ இதைச் சாக்குப்போக்கு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கலாமா? தெரியாத எண்ணை ‘ம’ என்று வைத்து, 2ம + 3 = 23 என்று சமன்பாடாகக் கொடுத்தால் அந்தப் பையன் மடமடவென்று போட்டுவிடுகிறான். அதையே வாக்கியமாகக் கொடுத்தால் பேனா நின்றுவிடுகிறது. அவன் சொல்வது பொய்யில்லை. நோய் எங்கே என்று நோயாளியே சொல்கிறான். நாம்தான் வேறு இடத்துக்கு மருந்து போடுகிறோம்.

பிரான்ஸ் நாட்டில் கிரெனோபிள் என்றொரு நகரம். 1980ஐ ஒட்டி அங்கே கணிதக் கல்வி ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவனின் வயது என்ன? சிரிக்கிறீர்கள். அந்த வகுப்புகளில் யாரும் சிரிக்கவில்லை. 97 பிள்ளைகளில் 76 பேர், கொடுத்த எண்களை வைத்து ஏதோ ஒரு விடையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வருசநாட்டுப் பக்கத்துப் பிள்ளையிடம் இதையே தோட்டத்தில் வைத்துக் கேளுங்கள். ‘ஆட்டுக்கும் அவரு வயசுக்கும் என்னண்ணே சம்பந்தம்?’ என்று திருப்பிக் கேட்பான். அவனையே வகுப்பில் உட்கார வைத்து, கையில் பேனா கொடுத்து, மதிப்பெண் உண்டு என்று சொல்லிக் கேளுங்கள். 36 என்று எழுதிவிடுவான்! புத்தி எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. கணக்கு வகுப்பு என்றால் எண்ணை மட்டும் பொறுக்கினால் போதும், வாக்கியத்தைப் படிக்க வேண்டாம் என்று யாரோ அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். யார் அந்த யாரோ? நாம்தான்.

நம் முன்னோர்களிடம் இந்தப் பிரிவினை இருந்ததா? நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்த காலத்தில், கணக்கே செய்யுளாகத்தான் இருந்தது. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்ற நூலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிலம் அளக்க, நெல் அளக்க, பொன் எடை பார்க்க எல்லாவற்றுக்கும் பாட்டு. பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண வழி சொல்லும். வட்டத்தின் பரப்புக்கு வழிவழியாக வந்த சூத்திரம் என்ன? சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு என்பதுதான். இதைக் கோவையாக்கிப் பாருங்கள். சுற்றளவு ‘சு’, விட்டம் ‘வி’ என்றால், சு/2 × வி/2. ஆரம் ‘ஆ’ என்றால் சுற்றளவு 2 × பை × ஆ. அதில் பாதி பை × ஆ. விட்டத்தில் பாதி ஆ. இரண்டையும் பெருக்கினால் பை × ஆ × ஆ. பத்தாம் வகுப்புப் பிள்ளை மனப்பாடம் செய்கிற அதே சூத்திரம்! சொல்லாக இருந்தது, குறியாக மாறியது. இடையில் ஒன்றும் தொலையவில்லை.

தேனி மாவட்டத்துக்கு வந்துவிட்டுத் தேனீக் கணக்கைச் சொல்லாமல் போகலாமா? 1150ஆம் ஆண்டில் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் வருகிற கணக்கு இது. ஒரு தேனீக் கூட்டம். அதில் ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மலருக்குப் போனது. மூன்றில் ஒரு பங்கு சிலீந்திர மலருக்குப் போனது. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு குடசப் பூவுக்குப் போனது. ஒரே ஒரு தேனீ மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மொத்தம் எத்தனை தேனீ?

தெரியாத எண்ணுக்கு ஒரு பெயர் வைப்போம். புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கும். நான் தமிழ் எழுத்தில் எழுதப் போகிறேன். ‘க’ என்று எழுத ஆசைதான். நம் பழைய எண்களில் ‘க’ என்றால் ஒன்று, குழப்பம் வரும். மாறி என்பதன் முதல் எழுத்தை எடுத்து ‘ம’ என்று வைத்துக்கொள்வோம். இது புதுப் பழக்கமும் இல்லை. பாஸ்கரர் தெரியாத எண்ணுக்கு ‘யாவத்தாவத்’, அதாவது எவ்வளவோ அவ்வளவு என்று பெயர் வைத்து ‘யா’ என்று சுருக்கினார். இன்னொரு தெரியாத எண் வந்தால் கறுப்பு, நீலம் என்று நிறங்களின் பெயரை வைத்துக் ‘கா’, ‘நீ’ என்று எழுதினார். எனவே எக்ஸ் இல்லாமல் இயற்கணிதம் இல்லை என்று யாரும் பயப்பட வேண்டாம்.

இப்போது வாக்கியத்தைக் கோவையாக்குவோம். ம/5 + ம/3 + 3(ம/3 − ம/5) + 1 = ம. விடை 15. சரிபாருங்கள்: மூன்று, ஐந்து, வித்தியாசம் இரண்டின் மும்மடங்கு ஆறு, தனித்த ஒன்று. கூட்டினால் 15. கணக்குப் போட்ட நேரம் அரை நிமிடம். வாக்கியத்தைப் படித்த நேரம் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் நம் பள்ளிகளில் நேரம் ஒதுக்குவதில்லை.

மேற்கே என்ன நடந்தது? ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரத்தில் அல்குவாரிஸ்மி இயற்கணித நூல் எழுதினார். முழுக்க முழுக்க வாக்கியம். ஒரு குறிகூடக் கிடையாது. 1557இல் ராபர்ட் ரெக்கார்டு சமன் குறியைப் போட்டார். 1591இல் வியட்டா எண்களுக்குப் பதில் எழுத்துகளை முறையாகப் பயன்படுத்தினார். 1637இல் தெகார்த் எக்ஸ், ஒய், இசட் என்று எழுதினார். சொல்லிலிருந்து குறிக்கு வர அங்கே எட்டு நூற்றாண்டு ஆயிற்று. நாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுப்பது எவ்வளவு? ஒரு பீரியடு. அதிலும் வருகைப்பதிவு எடுத்தது போக மிச்சம்.

சரி, எப்படிக் கற்றுக்கொடுப்பது? இனிமேல்தான் நான் சொல்ல வந்ததே இருக்கிறது.

ஐந்து வாக்கியங்களைச் சொல்கிறேன். ‘ஓர் எண்ணைவிட 5 குறைவு.’ ‘ஓர் எண்ணிலிருந்து 5ஐக் கழிக்க.’ ‘5ஐ ஓர் எண்ணிலிருந்து கழிக்க.’ இந்த மூன்றுக்கும் கோவை ஒன்றுதான்: ம − 5. நான்காவது, ‘5இலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க.’ இது 5 − ம. ஐந்தாவது, ‘ஓர் எண்ணை 5இலிருந்து கழிக்க.’ இதுவும் 5 − ம. மூன்றாவதில் 5 முதலில் வருகிறது, கோவையில் பின்னால் போகிறது. ஐந்தாவதில் 5 பின்னால் வருகிறது, கோவையில் முன்னால் போகிறது. பிள்ளை எதை நம்புவான்? சொல் நிற்கிற இடத்தை நம்பினால் மோசம் போவான். வேற்றுமை உருபை நம்பினால் தப்பிப்பான். தமிழில் சொல் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கலாம். தன் உருபைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போகும். ‘கழிக்க’ என்று முடியும் வாக்கியங்களில் ‘இலிருந்து’ யாரோடு ஒட்டியிருக்கிறதோ அவர் கழித்தல் குறிக்கு முன்னால். ‘ஐ’ யாரோடு ஒட்டியிருக்கிறதோ அவர் பின்னால்.

உடனே ‘ஐ வந்தால் பின்னால்’ என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்துவிடாதீர்கள். வகுத்தலில் அது தலைகீழ். ‘ஓர் எண்ணை 5ஆல் வகுக்க.’ இங்கே ‘ஐ’ மேலே, ‘ஆல்’ கீழே: ம/5. ‘5ஆல் ஓர் எண்ணை வகுக்க’ என்று புரட்டினாலும் ம/5தான். ‘ஓர் எண்ணால் 5ஐ வகுக்க’ என்றால் 5/ம. கழித்தலில் பின்னால் போன ‘ஐ’ வகுத்தலில் முன்னால் வந்துவிட்டது. ஏன்? உருபு தனியாக வேலை செய்யாது, வினையோடு சேர்ந்துதான் வேலை செய்யும். கழிக்கப்படுவது எது, வகுக்கப்படுவது எது என்று வினையைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். இதைக் கணக்கு ஆசிரியர் சொன்னால் பிள்ளைக்கு ஒரு புது விதி. தமிழாசிரியர் சொன்னால் ஏற்கெனவே தெரிந்த செயப்படுபொருள். எது சுலபம்?

கூட்டலிலும் பெருக்கலிலும் இந்தச் சிக்கலே இல்லை. மூன்றோடு ஐந்தைக் கூட்டினாலும் ஐந்தோடு மூன்றைக் கூட்டினாலும் எட்டு. ஒன்றாம் வகுப்பு முதல் அந்தச் சொகுசுக்குப் பழகிய பிள்ளை, வரிசை முக்கியம் என்கிற இடம் வந்ததும் திணறுகிறது. ஆகவே பயிற்சியைக் கழித்தலிலும் வகுத்தலிலும் தொடங்குங்கள். கூட்டலில் தொடங்கினால் எல்லாப் பிள்ளையும் சரியாகப் போடும், ஆசிரியருக்கும் மனநிறைவாக இருக்கும், ஒருவரும் ஒன்றும் கற்றிருக்க மாட்டார்கள்.

ஆங்கில வழி வகுப்பில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிற பெற்றோர்களும் இங்கே இருக்கிறீர்கள். ‘ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்’ என்று அங்கே கேள்வி வரும். பிள்ளை என்ன எழுதும்? ஃபைவ் முதலில் காதில் விழுந்தது, லெஸ் என்றால் கழித்தல், எனவே 5 − ம. தப்பு! ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் பின்னாலிருந்து முன்னால் வருகிறது. அதே பிள்ளையை வாய்விட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘ஒரு எண்ணைவிட அஞ்சு குறைவு.’ எண் முதலில் வந்துவிட்டது, குறைவு கடைசியில் வந்துவிட்டது. ம − 5 என்று கை தானாக எழுதும். ஆங்கில வழி வகுப்பில் தமிழைப் பேசினால் தரம் குறைந்துவிடும் என்று நினைக்கிறவர்கள், இந்த ஒரு கணக்கையாவது சோதித்துப் பாருங்கள்.

தமிழிலும் கண்ணிவெடி உண்டு, மறைக்கவில்லை. ‘அண்ணனிடம் தம்பியைவிட மூன்று மடங்கு அதிகமாகப் பணம் இருக்கிறது.’ தம்பியிடம் ம ரூபாய். அண்ணனிடம் 3ம ரூபாயா, 4ம ரூபாயா? கடைத்தெருவில் கேட்டால் 3ம என்பார்கள். சொல்லைப் பிடித்துக்கொண்டால், ‘அதிகம்’ மட்டுமே மூன்று மடங்கு, ஆகவே 4ம. பிள்ளை எதை எழுதினாலும் நான் மதிப்பெண் போடுவேன். குற்றவாளி கேள்வி கேட்டவர். தம்பியிடம் இருப்பதைப் போல மூன்று மடங்கு என்று கேட்டிருந்தால் சண்டையே இல்லை.

இப்போது அடைப்புக்குறிக்கு வருகிறேன். பிள்ளைகள் அதிகம் மறப்பது அதைத்தான். ஏன் மறக்கிறார்கள்? வாக்கியத்தில் அடைப்புக்குறி கண்ணுக்குத் தெரிவதில்லை. காதுக்குக் கேட்பதில்லை. ஆனால் இருக்கிறது! எங்கே இருக்கிறது?

‘ஓர் எண்ணுடன் 3ஐக் கூட்டி, வருவதை 2ஆல் பெருக்குக.’ இது 2(ம + 3). ‘ஓர் எண்ணை 2ஆல் பெருக்கி, வருவதுடன் 3ஐக் கூட்டுக.’ இது 2ம + 3. எண் 10 என்றால் முதலாவது 26, இரண்டாவது 23. முதல் வாக்கியத்தில் அடைப்புக்குறி எங்கே மூடுகிறது? ‘கூட்டி’ என்ற சொல்லில் மூடுகிறது. கூட்டி, கழித்து, பெருக்கி, வகுத்து. இவற்றுக்குத் தமிழாசிரியர் என்ன பெயர் சொல்வார்? வினையெச்சம்! முடிந்த வேலையைச் சொல்லி, இன்னொரு வேலை காத்திருக்கிறது என்று காட்டுகிற சொல். ஒரு வினையெச்சம் வந்தால் அதுவரை வந்ததையெல்லாம் ஒரு பொட்டலமாகக் கட்டிவிடு. அந்தக் கட்டுதான் அடைப்புக்குறி.

இது பரீட்சைக்கு மட்டும் உதவுகிற சங்கதியா? ஆண்டிபட்டிப் பக்கம் தக்காளி போட்டிருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். நல்லது. மண்டிக்குப் பெட்டிகளை அனுப்புகிறீர்கள். பெட்டி 250 ரூபாய்க்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் நூற்றுக்குப் பத்து. வண்டி வாடகை 600 ரூபாய். கைக்கு வருவது எவ்வளவு? ம பெட்டிக்கு 250ம ரூபாய். இனிமேல் இரண்டு வழி. ‘கமிஷனைப் பிடித்து, மீதியில் வண்டி வாடகையைக் கழி’ என்பது ஒரு வழி. 250ம × 90/100 − 600. ‘வண்டி வாடகையைக் கழித்து, மீதிக்குக் கமிஷன் பிடி’ என்பது இன்னொரு வழி. (250ம − 600) × 90/100. இரண்டு வாக்கியத்திலும் அதே சொற்கள், அதே எண்கள். வினையெச்சம் மட்டும் இடம் மாறியிருக்கிறது.

நாற்பது பெட்டி என்று போட்டுப் பாருங்கள். விற்பனை 10,000 ரூபாய். முதல் வழியில் கமிஷன் ஆயிரம் போக 9,000, வாடகை போக 8,400. இரண்டாம் வழியில் வாடகை போக 9,400, அதில் பத்தில் ஒரு பங்கு 940 போக 8,460. வித்தியாசம் 60 ரூபாய். பெட்டி நாற்பதாக இருந்தாலும் நானூறாக இருந்தாலும் வித்தியாசம் அதே 60 ரூபாய்தான். ஏன்? அது வாடகை 600க்கான கமிஷன். வண்டிக்காரருக்குப் போகிற பணத்துக்கும் கமிஷன் கொடுக்கிறீர்களா இல்லையா என்பதுதான் கேள்வியே. ஒரு நடைக்கு 60 ரூபாய்! பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்து, ‘எதைக் கழிச்சு எதுக்குக் கமிஷன் போட்டீங்க?’ என்று கேட்கிற பையன் வீட்டில் ஒருவன் இருக்க வேண்டும். அவனைத்தான் ஆறாம் வகுப்பில் உருவாக்கச் சொல்கிறேன்.

வட்டியும் இப்படித்தான். ‘ரெண்டு வட்டி’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். நூற்றுக்கு, மாதத்துக்கு, இரண்டு ரூபாய். இந்த மூன்று சொல்லில் நாம் வாயால் சொல்வது ஒன்றைத்தான். மற்ற இரண்டும் மறைந்து நிற்கின்றன. முதல் ம, மாதம் ந என்றால் வட்டி ம × ந × 2/100. வருஷத்துக்கு நூற்றுக்கு 24. கோவையாக எழுதிப் பார்த்தவனுக்குத்தான் அந்த இரண்டு என்பது 24 என்று தெரியும்.

‘இன்’ என்ற உருபு இன்னொரு வேடிக்கை செய்யும். ‘இரண்டு எண்களின் கூடுதலின் வர்க்கம்.’ ‘இரண்டு எண்களின் வர்க்கங்களின் கூடுதல்.’ கேட்க ஒரே மாதிரி இருக்கிறதா? எண்களை 3, 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஏழின் வர்க்கம், 49. இரண்டாவது, ஒன்பதும் பதினாறும், 25. இங்கே கடைசிச் சொல்லைப் பிடியுங்கள். வர்க்கம் என்று முடிந்தால் கடைசியாகச் செய்யும் வேலை வர்க்கம். கூடுதல் என்று முடிந்தால் கடைசி வேலை கூட்டல். தமிழ் வாக்கியத்தில் தலைமைச் சொல் கடைசியில் வந்து உட்காரும் என்பது தெரிந்த பிள்ளைக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

அடுத்து, எழுத்து எதைக் குறிக்கிறது என்ற சங்கதி. இங்கேதான் பெரிய படிப்புப் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் ஒரே ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள். இதைச் சமன்பாடாக எழுதுக. பொறியியல் மாணவர்கள்! அவர்களில் 37 விழுக்காட்டினர் தப்பாக எழுதினார்கள். தப்பு எழுதியவர்களில் பெரும்பாலோர் செய்தது ஒரே தப்பு. மாணவர் பக்கத்தில் ஆறைப் போட்டுவிட்டார்கள்.

நம் ஊர்க் கணக்காக மாற்றுவோம். ஒரு கிடையில் கிடாய்களைப் போல இருபது மடங்கு பெட்டை ஆடுகள். கிடாய் ‘கி’, பெட்டை ‘பெ’. வகுப்பில் கேட்டால் 20பெ = கி என்று பலர் எழுதுவார்கள். ஏன்? இருபது பெட்டைக்கு ஒரு கிடாய் என்று மனம் படம் வரைந்துவிடுகிறது. ‘பெ’ என்றால் பெட்டை ஆடு என்று நினைக்கிறார்கள். இல்லை ஐயா! ‘பெ’ என்றால் பெட்டை ஆடுகளின் எண்ணிக்கை. எழுத்து ஆட்டைக் குறிக்காது, எண்ணைக் குறிக்கும். கிடாய் 2 என்று போட்டுப் பாருங்கள். 20பெ = 2 என்றால் ஒரு பெட்டை ஆட்டில் பத்தில் ஒரு பங்குதான் கிடையில் நிற்கிறது! எந்த மேய்ப்பரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பெ = 20கி என்று எழுதினால் 40 பெட்டை. கிடை சரியாக இருக்கிறது.

இந்த இடத்தில் ஆசிரியர்களிடம் ஒரு சின்னச் சண்டை. 2ஆ + 3வா என்பதை ‘இரண்டு ஆப்பிள், மூன்று வாழைப்பழம்’ என்று விளக்குகிற வழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள். அன்றைக்குப் புரிந்ததுபோல் இருக்கும். எழுத்தைப் பொருளாகப் பார்க்கிற பழக்கம் அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது. ஆப்பிளை ஆப்பிளால் பெருக்க முடியுமா? ஆ × ஆ வரும்போது என்ன செய்வீர்கள்? ஓர் ஆப்பிளின் விலை ஆ ரூபாய் என்று சொல்லுங்கள், தீர்ந்தது.

இன்னொரு சண்டையும் பாக்கி. பல வகுப்பறைச் சுவர்களில் ஓர் அட்டை தொங்கும். மொத்தம், சேர்ந்து என்றால் கூட்டல். மீதி, விற்றான் என்றால் கழித்தல். ஒவ்வொன்றுக்கும் என்றால் பெருக்கல். இந்த அட்டையை நம்பிய பிள்ளையிடம் கேளுங்கள். ‘வியாபாரி 5 தேங்காய் விற்றான். மீதி 12 இருக்கிறது. முதலில் எத்தனை இருந்தது?’ விற்றான் இருக்கிறது, மீதி இருக்கிறது, இரண்டும் கழித்தல் சொற்கள். விடை 7! கடைக்காரர் பாவம், கையில் 12 காயை வைத்துக்கொண்டு முழிக்கிறார். ம − 5 = 12 என்று கதையைக் கதையாகவே எழுதியிருந்தால் 17 தானாக வந்திருக்கும். அந்த அட்டை படிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. படிக்காமல் தப்பிக்கச் சொல்லிக்கொடுக்கிறது. நாளைக்கே கழற்றிவிடுங்கள்.

அதற்குப் பதில் சுவரில் என்ன மாட்டலாம்? நாளிதழில் வருகிற அணை நிலவரத்தை மாட்டுங்கள். இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற மூல வைகை போய்ச் சேர்கிற இடம் 1959இல் திறந்த வைகை அணை. அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. தினமும் செய்தி வருகிறது: நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி. வரத்து வ, வெளியேற்றம் வெ. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஒரே சீராக ஓடினால் ஒரு நாளில் அணையில் கூடுகிற தண்ணீர் 86,400(வ − வெ) கனஅடி. வரத்து 1,000, வெளியேற்றம் 700 என்றால் 2 கோடியே 59 லட்சத்து 20 ஆயிரம் கனஅடி கூடியிருக்கும். வெளியேற்றம் அதிகமானால் விடைக்கு முன்னால் கழித்தல் குறி வரும். குறை எண் என்றால் என்னவென்று அணைக்கட்டே சொல்லிக்கொடுக்கும்.

நீர்மட்டம் 66 அடியை எட்டினால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ‘எட்டினால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சரியாக 66 வந்தாலே எச்சரிக்கை உண்டு. நீர்மட்டம் ‘நீ’ என்றால், நீ ≥ 66. ‘தாண்டினால்’ என்று எழுதியிருந்தால் நீ > 66. முல்லைப் பெரியாற்றில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பம் பள்ளத்தாக்கில் அந்த எண் தெரியாத பிள்ளை உண்டா? அதைக் குறியில் எழுதச் சொல்லுங்கள். ‘142க்கு மிகாமல்’ என்றால் நீ ≤ 142. ‘142க்குக் குறைவாக’ என்றால் நீ < 142. குறிக்கு அடியில் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோடு இருந்தால் 142ஐத் தொடலாம், இல்லாவிட்டால் தொடக் கூடாது. பல்லாண்டு வழக்கு நடத்திய ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோட்டின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

சொல்லிலிருந்து கோவைக்குப் போவது ஒரு வழிப் பாதை கிடையாது. திரும்பியும் வர வேண்டும். கரும்பலகையில் 2(ம + 3) என்று எழுதிவிட்டு, ‘இதற்கு ஒரு கதை சொல்’ என்று கேளுங்கள். ஒருவன், ‘எங்கக்காகிட்ட ம ரூபா, அப்பா மூணு ரூபா சேர்த்துக் கொடுத்தாரு, மாமா மொத்தத்தையும் ரெண்டு மடங்காக்கிட்டாரு’ என்பான். இன்னொருத்தி, ‘அகலம் ம, நீளம் அதைவிட மூன்று அதிகம், அந்த நீளத்துல ரெண்டு பக்கம்’ என்பாள். அவளுக்கு இயற்கணிதம் வந்துவிட்டது. தேர்வு வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

சென்னையில் முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், சாதாரண நாட்காட்டியை வைத்தே இப்படி விளையாடக் கற்றுக்கொடுத்தவர். ராமானுஜன் நினைவு மலரைத் தொகுத்தவரும் அவரே. நாட்காட்டியில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைக் கட்டம் கட்டுங்கள். நடுவில் ம. அதற்கு மேலே உள்ளது ம − 7, கீழே உள்ளது ம + 7, இந்தப் பக்கம் ம − 1, அந்தப் பக்கம் ம + 1. ஒன்பதையும் கூட்டினால் 9ம. நடுவில் 15 என்றால் மொத்தம் 135. எந்த மாதத்திலும், எந்தக் கட்டத்திலும். ‘ஒரு வாரம் கழித்து’ என்பதை + 7 என்று பிள்ளை தானாக எழுதுகிறது பாருங்கள், அதுதான் நாம் தேடுகிற மாற்றம். நாட்காட்டி இல்லாத வீடு மயிலாடும்பாறையில் உண்டா?

தேசியக் கலைத்திட்டத்துக்காக 2005ஐ ஒட்டி ஒரு கணிதக் குழு அறிக்கை கொடுத்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். பள்ளிக் கணிதத்தின் முதன்மை நோக்கம் பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவது என்று அந்த அறிக்கை சொன்னது. சிந்தனை எதில் நடக்கிறது? மொழியில் நடக்கிறது. மொழியை வாசலில் விட்டுவிட்டு வா என்று சொன்னால் எதைக் கணிதமயமாக்குவது?

நேரமாகிவிட்டது, மேடையில் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வேண்டுகோள்களை வைத்துவிட்டு இறங்குகிறேன்.

கணக்கு ஆசிரியர்களே, தமிழாசிரியரோடு ஒரே ஒரு பீரியடு சேர்ந்து நில்லுங்கள். வேற்றுமை நடத்தும் வாரத்தில் அவர் உங்கள் கழித்தல் வாக்கியங்களை எடுத்துக்கொள்ளட்டும். வினையெச்சம் நடத்தும் வாரத்தில் நீங்கள் அடைப்புக்குறியை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாள் தயாரிப்பவர்களே, ‘மூன்று மடங்கு அதிகம்’ போன்ற இரண்டு பொருள் தரும் வாக்கியங்களை அச்சுக்கு அனுப்பும் முன் உரக்க ஒரு தடவை படியுங்கள். தாய்மார்களே, தந்தைமார்களே, மண்டிப் பட்டியலையும் வட்டிச் சீட்டையும் பிள்ளைகள் கண்ணில் படாமல் மடித்து வைக்காதீர்கள். எது முதலில் கழிந்தது, எதன் மேல் நூற்றுக்கு எத்தனை என்று அவர்களையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, கோவையை எழுதி முடித்ததும் அதில் ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பத்தைப் போடுங்கள், இரண்டைப் போடுங்கள். வாக்கியம் சொல்வதும் கோவை சொல்வதும் ஒன்றாக வந்தால் அடுத்த கணக்குக்குப் போங்கள். வராவிட்டால் கணக்கைத் திருத்த வேண்டாம்; வாக்கியத்தை முதலிலிருந்து இன்னொரு முறை, உருபு உருபாகப் படியுங்கள்.